பின்வாசலுக்கு மட்டும் சட்டம்

காணாமல் போன பொருள் கட்டைவிரல் அளவு. அதற்காகச் சுமத்தப்பட்ட பழியோ கிள்ளான் துறைமுகத்துக் கொள்கலன் அளவு. பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பழியை எந்தத் துறைமுகத்தில் இறக்கிவைப்பது?

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் மலர்விழி அன்று காலை பிரிக்பீல்ட்ஸ் பூமாலைக் கடைகளுக்கு மேலே போகும் படிகளில் ஏறினார். மாடிக் கதவில் தொங்கிய பலகை சுருக்கமாகப் பேசியது: "குமுதா, தனியார் துப்பறிவாளர்." அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இன்னொரு வரி: "சந்தேகப்படுவது இலவசம்." இரண்டாவது வரி உதவியாளன் இம்ரானின் கைவரிசை. அழிக்கச் சொல்லிக் குமுதா அலுத்துவிட்டார்.

உள்ளே வந்த மலர்விழி வணக்கம் சொல்லவில்லை. நாற்காலியைப் பார்க்கவுமில்லை. தோளில் தொங்கிய பையை இறக்கி, ஜிப்பை முழுவதுமாக இழுத்து, அதன் வாயை அகலத் திறந்து மேசைமேல் வைத்தார். சோற்று டப்பா தெரிந்தது. குடை தெரிந்தது. மடித்த சீருடை தெரிந்தது. பிறகுதான் தான் செய்ததைத் தானே பார்த்துத் திடுக்கிட்டார்.

"சாரிக்கா. பழகிப்போச்சு."

"எந்த எடத்துப் பழக்கம் இது?" என்றார் குமுதா.

குமுதா கிள்ளான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பிறர் சொன்ன பொய்களை மூன்று மொழிகளில் திருப்பிச் சொல்லிச் சலித்துப்போய், உண்மைக்கு ஒரே மொழிதான் உண்டு என்று முடிவுகட்டி வெளியே வந்தவர். மனிதர்கள் சொல்வதைவிட அவர்களுடைய கைகள் செய்வதை அதிகம் நம்புவார்.

"ஓட்டல் பின்கேட்டுலக்கா. கிள்ளான்ல, சூரியா மெலோர் ஓட்டல். ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் நானு. ஷிப்ட் முடிஞ்சா லைன்ல நின்னு பையைத் தொறந்து காட்டணும். செக்யூரிட்டி கார்டு கையை விட்டுத் துழாவுவாரு. அப்புறந்தான் வீடு."

"எல்லாருமா?"

"நாங்க மட்டும். ரூம் துடைக்கிறவங்க, கிச்சன், லாண்டரி. ஆபீஸ்காரங்க முன்வாசல்ல போவாங்க. அவங்க பையை ஈ கூடத் தொடாது." மலர்விழியின் குரல் ஒரு படி ஏறியது. "போன மாசம் மீட்டிங்ல எழுந்து நின்னு கேட்டேன்கா. பாத்தா எல்லார் பையையும் பாருங்க, இல்லாட்டி யார் பையையும் பாக்காதீங்கன்னு. எல்லா மாடிக்காரங்களும் கையைத் தூக்கினாங்க. அதுக்கப்புறந்தான் என் லாக்கர்ல இது இருந்திச்சின்னு சொல்றாங்க."

அவர் நீட்டிய கைப்பேசிப் படத்தில் ஒரு கறுப்புக் கருவி இருந்தது.

"டிவி ஸ்டிக்," என்றான் இம்ரான். "பின்னாடி சொருகினா படம், சீரியல், பாட்டு எல்லாம் கொட்டும். சொந்தக்காரங்க மாதிரிக்கா. எந்த வீட்டுக்குப் போனாலும் மொதல்ல வைஃபை பாஸ்வேர்ட் கேக்கும்."

மலர்விழி நடந்ததைச் சொன்னார். தீபாவளிக்கு முன்பு ஐப்போவிலிருந்து வந்து தங்கிய ஒருவர், தன் ஸ்டிக்கை அறைத் தொலைக்காட்சியின் பின்னாலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். அறையில் எது கிடைத்தாலும் துணை மேலாளர் யுகேந்திரனின் கையில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அந்த மாடியைத் துடைத்த வங்காளதேசத்து ஊழியர் ஒப்படைத்திருப்பார். ஆனால் அவர் ஊர் திரும்பிவிட்டார். மாதங்கள் கழித்து, இப்போது ஐப்போக்காரர் பெட்டியில் அச்சிட்ட வரிசை எண்ணோடு கடிதம் எழுதிக் கேட்டார். உடனே யுகேந்திரன், தன்னிடம் இருக்கும் பொதுச் சாவியால் எல்லா லாக்கர்களையும் திறந்தார். மலர்விழியின் காலணிக்குப் பின்னால் ஸ்டிக் இருந்தது. எண் பொருந்தியது.

"ரெசைன் லெட்டர் டைப் பண்ணிக் குடுத்திருக்காங்க. குற்றத்தை ஒத்துக்கிட்டு வெலகுறேன்னு மலாய்ல போட்டிருக்கு. கையெழுத்துப் போட்டா போலீசுக்குப் போக மாட்டாங்களாம். இன்னைக்கு மத்தியானம் விசாரணை. அதுக்குள்ள போடணுமாம்."

"போட்டீங்களா?"

"கையை வெட்டினாலும் போட மாட்டேன். வேலை போனா இன்னொரு ஓட்டல்ல துடைப்பேன். திருடின்னு பேரு எடுத்துட்டா எந்த ஓட்டல்லக்கா கதவு தொறக்கும்? என் பிள்ளைங்க கிட்ட என்ன சொல்லுவேன்?"

குமுதா எழுந்து, திறந்து கிடந்த பையின் ஜிப்பைத் தானே மூடி, மலர்விழியின் மடியில் வைத்தார்.

"இங்க இதைத் தொறக்க வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தீபாவளிக்கு முன்ன காணாமப் போச்சு. இப்பத்தான் கெடைச்சுது. நடுவுல அது எங்க குடியிருந்துச்சு?"

"ஸ்டிக்குக்கு ஐசி அடையாள அட்டை கெடையாதுக்கா, அட்ரஸ் பாக்க," என்றான் இம்ரான்.

"அதை நீ சொல்லு. ஃபிளாட் ஃபிளாட்டா ஏறி வைஃபை மாட்டினவன் நீதானே?"

இம்ரான் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். "அட. இருக்குக்கா! ஐசி மாதிரிதான். தங்கின வீட்டு வைஃபையை அது மறக்காது. பேரும் பாஸ்வேர்டும் உள்ளுக்குள்ளயே இருக்கும். அந்த வைஃபை பக்கத்துல வந்தாப் போதும், யாரையும் கேக்காம ஓடிப்போய் ஒட்டிக்கும். பழைய காதலி கால் பண்ணா நான் ஓடுவேன்ல, அந்த மாதிரி."

"கணக்கை அழிச்சிட்டா?"

"படம் பாக்கிற கணக்கு போயிடும், வைஃபை போகாது. அதுக்கு மொத்தமாத் தொடச்செடுக்கணும். முக்காவாசிப் பேருக்கு அது தெரியாது."

ஆயிரம் பசுக்கள் மேய்ந்தாலும் கன்று தன் தாயின் மடியைத் தேடித்தான் போகும். அதிகாரம் மிரட்டினாலும் போகும், ஆவணம் மறுத்தாலும் போகும். கன்றுக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்க முடியாது!

"காரை எடு," என்றார் குமுதா. "மொதல்ல பூச்சோங். மலர்விழி வீடு."

*

பூச்சோங்கில் இருந்தது ஓர் அடுக்குமாடி வீடு. அதன் வைஃபை பெட்டிக்குப் பெயர் சூட்டக்கூட அந்தக் குடும்பத்துக்கு நேரம் வாய்த்ததில்லை. பெட்டி வந்த நாளில் அடியில் ஒட்டியிருந்த எழுத்தும் எண்ணுமே இன்றும் அதன் பெயர், அதுவே கடவுச்சொல். இம்ரான் பெட்டியைக் கவிழ்த்து அந்த ஒட்டுச்சீட்டைப் படம் எடுத்துக்கொண்டான். தெலுக் பூலாய் சாலையில் நெரிசலைத் திட்டிக்கொண்டே கிள்ளான் வந்து சேர்ந்தார்கள்.

சூரியா மெலோர் ஓட்டலின் முன்வாசலில் கண்ணாடிக் கதவு, கண்ணாடிக்குப் பின்னால் புன்னகை, புன்னகைக்குப் பின்னால் "இலவச வைஃபை" என்ற பெரிய பலகை. பலகைக்குக் கீழேயே ஒரு விருந்தினர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஜோகூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்த நடுவயது அம்மையார். கையில் அவருடைய சொந்த டிவி ஸ்டிக்.

"ஒங்க வைஃபை ஒரு பக்கத்தைத் தொறந்து ரூம் நம்பர் கேக்குது, பேரு கேக்குது. போன்ல அடிச்சிட்டேன். டிவியில அந்தப் பக்கமே வரல. நான் எங்க போய் அடிக்கிறது?"

வரவேற்புப் பெண் விழித்தார். அந்த நேரத்தில் உள்ளறையிலிருந்து, இஸ்திரி கலையாத சட்டையும் இனிப்புக் கலந்த குரலுமாக ஒருவர் வந்தார். மார்பில் பெயர்த்தகடு: யுகேந்திரன்.

"ஆன்டி, ஓட்டல் வைஃபையை மறந்திடுங்க. போன்ல ஹாட்ஸ்பாட் இருக்கில்ல? அதுக்கு ஒங்க வீட்டு வைஃபை பேரையே வைங்க. அதே பாஸ்வேர்டையும் வைங்க. ஸ்டிக்கு அதை வீடுன்னு நெனச்சி தானா ஒட்டிக்கும். ஒண்ணும் அமுக்க வேணாம்."

அம்மையார் அப்படியே செய்ய மேலே போனார். சற்று நேரத்தில் மாடியிலிருந்து தொலைபேசி வந்தது. சீரியல் ஓடுகிறதாம். தம்பி நல்லா இருக்கணுமாம்.

"நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க," என்றார் குமுதா.

"எக்ஸ்பீரியன்ஸ் லா. வாரம் பூரா இங்க ஓட்டல் ரூம்ல தங்குறேன். லீவுக்கு டெங்கில்ல வீட்டுக்குப் போறேன். எங்க போனாலும் மேட்ச் பாக்காம தூக்கம் வராது." பிறகுதான் அவர் கேட்டார், "நீங்க யாரு?"

குமுதா சொன்னார். யுகேந்திரன் சிரித்தார்.

"டிவி ஸ்டிக்குக்கெல்லாம் டிடெக்டிவா? என்ன லா இது!"

"சின்ன சாமானா இருந்தா நாங்க சீக்கிரம் கண்டுபிடிச்சிடுவோம் சார்," என்றான் இம்ரான். "பெரிய சாமான்னா தூக்கிட்டு ஓடிடுவாங்க."

யுகேந்திரன் அவர்களைத் தம் அறைக்கு அழைத்துச் சென்றார். மறைக்க ஒன்றுமில்லை என்று காட்டிக்கொள்ளும் மனிதருக்கே உரிய தாராளம் அது. மேசையில் திறந்த மடிக்கணினி, அதன் அருகே நிமிர்த்தி வைத்த கைப்பேசி. ஸ்டிக் எங்கே என்று குமுதா கேட்டார்.

"லாக்கர்ல எடுத்த அன்னைக்கே ஹெட் ஆபீஸ் ரவிசங்கர் சார் பையில போட்டு, சீல் வெச்சி, கையெழுத்தும் போட்டுட்டாரு. அவர்தான் மத்தியானம் பிரிப்பாரு. எல்லாம் முறைப்படி."

இம்ரான் தன் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தான். "அக்கா, இங்க ஒருத்தன் வைஃபைக்கு வெச்சிருக்கிற பேரைப் பாருங்க. ஜாங்கான் சூரி!"

மலாயில் அதற்குத் 'திருடாதே' என்று பொருள். பக்கத்து வீட்டார் இணையத்தை உறிஞ்சாமலிருக்க இந்நாட்டில் பலர் வைக்கும் வேடிக்கைப் பெயர்களில் ஒன்று.

"அது என்னோடது," என்றார் யுகேந்திரன் பெருமையுடன். "டெங்கில் வீட்டுலயும் அதே பேரு, போன்லயும் அதே பேரு. ஓட்டல் வைஃபை அடிக்கடி வெளிய தள்ளிடும், இந்த லேப்டாப்பே என் போன்லதான் ஓடுது."

"பாஸ்வேர்ட் குடுங்க சார், எனக்கு டாட்டா முடிஞ்சிடுச்சு."

"ஆசை! என் ஒய்ஃபுக்கே நான்தான் அடிச்சிக் குடுப்பேன். இது வரைக்கும் யாருக்கும் சொன்னதில்ல."

வெளியே வந்ததும் இம்ரான் முணுமுணுத்தான். "ஊருக்கெல்லாம் இலவச வைஃபைன்னு போர்டு. இவருக்கு மட்டும் சொந்த வைஃபை. சமையக்காரனே பக்கத்துக் கடையில சாப்பிட்டா அவன் கடைக்கு நாம போவோமாக்கா?"

குமுதாவின் நடை சற்று வேகமாயிற்று.

*

விசாரணை, சிறிய விருந்து மண்டபத்தில். நீளமேசையின் நடுவே, விசாரணையின் சேர்மனாக, தலைமை அலுவலக அதிகாரி ரவிசங்கர். வலப்பக்கம் யுகேந்திரன். இடப்பக்கம் மலர்விழி, மடியில் பையுடன். குமுதாவும் இம்ரானும் அவருக்குப் பின்னால். வெளியாட்களுக்கு இடமில்லை என்று ரவிசங்கர் முதலில் மறுத்தார். இவர்கள் இல்லையென்றால் தானும் இல்லை என்று மலர்விழி வாசலிலேயே நின்றுவிட்டார். நின்றவரை உட்காரவைக்க, கடைசியில் அதிகாரிதான் இறங்கிவர வேண்டியிருந்தது.

"எல்லாரும் போனை அணைச்சி இந்தத் தட்டுல வைங்க," என்றார் ரவிசங்கர். கைப்பேசிகள் தட்டில் குவிந்தன. யுகேந்திரனின் கைப்பேசியும் கண்மூடியது.

குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது: விருந்தினர் உடைமையைத் தன் சொந்தப் பயனுக்காக எடுத்துக்கொண்டது.

"சொந்தப் பயன்னா, வீட்டுல மாட்டிப் படம் பாக்கிறதுதானே?" என்று கேட்டார் குமுதா. "அதைச் சோதிச்சிப் பாக்கலாம் சார். இந்தச் சுவர் டிவியில."

முதலில் இம்ரான் தன் சொந்த ஸ்டிக்கை மாட்டி, ரவிசங்கரின் அனுமதியோடு தன் கைப்பேசியை உயிர்ப்பித்தான். ஸ்டிக் தன் எசமானின் ஹாட்ஸ்பாட்டை நொடியில் அடையாளம் கண்டு இணைந்தது. "பாத்தீங்களா சார், என்னை விட விசுவாசம்," என்று அதைக் கழற்றிக்கொண்டான். பிறகு ரவிசங்கர் சீல் வைத்த பையைத் தாமே பிரித்து, சாட்சிப் பொருளான ஸ்டிக்கைத் தொலைக்காட்சியில் சொருகி, அதன் மின்கம்பியைச் சுவரில் மாட்டினார். இம்ரான் பூச்சோங் வீட்டு ஒட்டுச்சீட்டின் படத்தைக் காட்டி, அதே பெயரையும் அதே கடவுச்சொல்லையும் தன் ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்தான்.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். திரை அவர்களைப் பார்த்தது.

இணையம் இல்லை.

இன்னொருமுறை முயன்றார்கள். இணையம் இல்லை.

"அது மலர்விழி வீட்டுக்குப் போனதே இல்ல," என்றார் குமுதா.

யுகேந்திரன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அதனால என்ன? யூஸ் பண்ணல. லாக்கர்ல ஒளிச்சி வெச்சிருந்தாங்க. வெளிய கொண்டு போனா பின்கேட்டுல மாட்டிக்குவாங்கல்ல? அதான் போகல. நீங்களே நிரூபிச்சிட்டீங்க, தேங்க்யூ."

ரவிசங்கர் தலையசைத்தார். இம்ரானின் முகம் வாடியது. மலர்விழி பையின் வாரை இறுக்கிப் பிடித்தார். அந்தக் கணத்தில் அந்த மண்டபத்தில் ஒருவருக்கு மட்டும்தான் முகம் மலர்ந்திருந்தது.

"சரி," என்றார் குமுதா அமைதியாக. "அப்ப இது எந்த வீட்டுக்கும் போகல. ஐப்போக்காரர் விட்டுட்டுப் போன நாள்லேர்ந்து இந்த லாக்கர்லயேதான் இருந்துச்சு. அதானே ஒங்க கட்சி?"

"அதேதான்."

"எழுதிக்குங்க சார். இம்ரான், போனை அணைச்சித் தட்டுல வை. டிவியையும் அணைச்சிடு, வெளிச்சம் கண்ணைக் குத்துது." இம்ரான் திரையை அணைத்துவிட்டு, ஸ்டிக்கைக் கழற்றக் கை நீட்டினான். "அதைத் தொடாத. சேர்மன் மாட்டினது, சேர்மன்தான் கழட்டணும்."

திரை இருண்டது. ஆனால் ஸ்டிக்கின் கம்பி சுவரில்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டவரெல்லாம் உறங்கிவிட்டார் என்று யார் சொன்னது?

"கடைசியா ஒண்ணு," என்றார் குமுதா. "துணை மேலாளர் அவரோட வாக்குமூலத்தை வாசிக்கட்டும்."

யுகேந்திரன் மடிக்கணினியைத் திறந்தார். வாக்குமூலம் அலுவலகச் சேமிப்பில் இருந்தது, அதை எடுக்க இணையம் வேண்டும். ஓட்டல் வைஃபையைத் தொட்டார். அறை எண்ணைக் கேட்டது அந்தப் பக்கம்.

"விருந்து மண்டபத்துக்கு என்ன ரூம் நம்பர் லா!" என்று சலித்துக்கொண்டார். "சார், என் போனைப் போட்டுக்கிறேன்." ரவிசங்கர் கையசைத்து அனுமதித்தார். யுகேந்திரன் கைப்பேசியை உயிர்ப்பித்து, ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, வாக்குமூலத்தை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்:

"...ஊழியர் மலர்விழியின் லாக்கரைத் திறந்தபோதுதான் அப்பொருளை நான் முதன்முதலாகக் கண்டேன். அதற்கு முன்னர் அது என் கைக்கோ, என் அறைக்கோ, என் இல்லத்துக்கோ ஒருபோதும் வந்ததில்லை என்று உறுதி கூறுகிறேன்."

"நல்ல தமிழ்," என்றார் குமுதா. "யுகேந்திரன் சார், ஒங்க ஹாட்ஸ்பாட்ல இப்ப எத்தனை சாமான் இணைஞ்சிருக்கு?"

"ஒண்ணு. லேப்டாப்."

"பாத்துச் சொல்லுங்க."

அவர் பார்த்தார். கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கப் போன கையை ரவிசங்கரின் கை தடுத்தது. அதிகாரி கைப்பேசியை வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டு," என்றார் ரவிசங்கர். "இன்னொண்ணு எது?"

"இம்ரான்," என்றார் குமுதா, "கண்ணு சரியாயிடுச்சு. டிவியைப் போடு."

திரை ஒளிர்ந்தது. அதில், மண்டபத்தின் கடைசி நாற்காலிக்கும் தெரியும் எழுத்தில் நின்றது செய்தி:

ஜாங்கான் சூரி. இணைக்கப்பட்டது.

திருடாதே என்று பெயர் வைத்தவரின் மடியிலேயே களவுப் பொருள் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது! ஊருக்கு உபதேசம் எழுதிவைத்த கை, தன் பைக்குள் எதைப் போட்டது என்பதை அந்தக் கட்டைவிரல் அளவுக் கருவி சொல்லிவிட்டது. அதற்கு வாயில்லை. அச்சமும் இல்லை. அதனால்தான் அது உண்மை சொன்னது.

இம்ரான் தன் சிரிப்பை அடக்கத் தண்ணீர்க் குவளையை வாயில் வைத்துக்கொண்டான்.

"பக்கத்துல இருக்கிற வைஃபை எதையாவது பிடிச்சிருக்கும்," என்றார் யுகேந்திரன். "மெஷின்தானே!"

"பாஸ்வேர்ட் இல்லாமயா?" குமுதா எழுந்தார். "மொதல் தடவை சேர்றப்ப, மனுசன் கையால பாஸ்வேர்ட் அடிச்சாகணும். ஒங்க சம்சாரத்துக்கே நீங்கதான் அடிச்சிக் குடுப்பீங்கன்னு காலையில சொன்னீங்க. மலர்விழிக்கு எப்பக் குடுத்தீங்க?"

"நான்... கிடைச்ச அன்னைக்கு ஒருவேளை டெஸ்ட் பண்ணிப் பாத்திருப்பேன்..."

"கெடைச்ச அன்னைக்கே சீல் வெச்சது நான்," என்றார் ரவிசங்கர் மெதுவாக. "லாக்கர்லேர்ந்து நேரா என் பைக்கு."

"ஐப்போக்காரர் விட்டுட்டுப் போனது முறையா ஒங்க கையிலதான் வந்துச்சு," என்றார் குமுதா. "ஓட்டல் ரூம்லயும் டெங்கில்லயும் மேட்ச் பாக்க ஒதவுச்சு. ஒங்க பையில போச்சு, ஒங்க பையில வந்துச்சு. முன்வாசல்ல ஒங்க பையை யாரும் தொறக்கலியே! திடீர்னு அவரு லெட்டர் போட்டாரு. சாமானுக்கு ஒரு திருடி வேணும். பையைப் பத்திக் கேள்வி கேட்ட பொம்பளை கண்ணு முன்னால நின்னாங்க. கணக்கை அழிச்சீங்க, எல்லாம் அழிஞ்சிடுச்சின்னு நெனச்சீங்க. அந்த ஜோகூர் அம்மாவுக்கு நீங்கதானே பாடம் சொன்னீங்க? வீட்டுப் பேரையே போனுக்கு வெச்சா, ஸ்டிக்கு வீடுன்னு நெனச்சி தானா ஒட்டிக்கும்னு. ஒட்டிக்கிச்சு சார்."

யுகேந்திரன் மடிக்கணினியை மூடினார். மூடியதும் அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார், அது எழுந்து சாட்சி சொல்லிவிடும் என்று பயந்தவர் போல.

"அக்கா," என்று கிசுகிசுத்தான் இம்ரான். "மொத சோதனை தோத்துச்சே, அப்ப என் உசுரே போச்சு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அது தோக்கத்தான் வெச்சேன். ஒனக்குத் தெரிஞ்சிருந்தா ஒன் மூஞ்சி அவருக்குச் சொல்லியிருக்கும். ஒன் மூஞ்சிக்குப் பாஸ்வேர்டே கெடையாது."

*

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். பழி சுமத்தியவன் பிடிபட்டான், பழி நீங்கியது, சுபம். ஆனால் நிறுவனங்கள் தோற்கும்போது மன்னிப்புக் கேட்பதில்லை. இன்னொரு காகிதத்தை நீட்டும்.

ரவிசங்கர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "மலர்விழி, குற்றச்சாட்டு ரத்து. யுகேந்திரன் இன்னைக்கே சஸ்பெண்ட், உடனே வெளிய போகணும். நீங்க நாளைக்கே டியூட்டிக்கு வந்திடுங்க. ஒரே ஒரு விஷயம். ஓட்டல் பேரு கெட்டுடக் கூடாது. இதைப் பத்தி இந்த ஹாலுக்கு வெளிய பேச மாட்டேன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து..."

"இன்னொரு பேப்பரா சார்?"

அதுவரை ஒடுங்கி அமர்ந்திருந்தவர் எழுந்து நின்றார். மலர்விழி அத்தனை உயரம் என்பதை இம்ரான் அப்போதுதான் கவனித்தான்.

"என் லாக்கரைத் தொறந்தப்ப எல்லா மாடிக்காரங்களையும் கூப்பிட்டு நிக்க வெச்சீங்க. திருடின்னு சொன்னப்ப லாண்டரி வரைக்கும் கேட்டுச்சு. கெட்ட பேரு ஓட்டல் பூராவும் நடக்கலாம், நல்ல பேரு மட்டும் இந்த ஹாலுக்குள்ளயே உக்காந்திருக்கணுமா? போட மாட்டேன் சார். அன்னைக்கும் போடல. இன்னைக்கும் போட மாட்டேன்."

"அப்ப என்னதான் வேணும் ஒங்களுக்கு?"

"போன மாசம் மீட்டிங்ல கேட்டதுதான். புதுசா ஒண்ணும் இல்ல."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். மண்டபத்தைக் கடந்து, சமையற்கட்டைக் கடந்து, சலவை அறையின் நீராவியைக் கடந்து, நேராகப் பின்வாசலுக்கு. பின்னாலேயே மற்றவர்களும் போக வேண்டியதாயிற்று. யுகேந்திரன் வழியில் பிரிந்து முன்வாசல் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பக்கம் இல்ல சார்," என்றார் மலர்விழி, திரும்பிப் பார்க்காமலே. "வேலை போனவங்க எல்லாம் இந்த வழியாத்தான் போவாங்க. நீங்க போட்ட ரூல்தான்."

யுகேந்திரன் ரவிசங்கரைப் பார்த்தார். ரவிசங்கர் தரையைப் பார்த்தார். இம்ரான் மரியாதையோடு ஒதுங்கி, பின்வாசல் பக்கம் கையைக் காட்டினான். "வாங்க பாஸ். இங்க ரூம் நம்பர் கேக்க மாட்டாங்க."

பின்வாசலில் ஷிப்ட் மாறும் நேரம். வரிசை நின்றது: அறை துடைப்பவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள், சலவைக்காரர்கள். ஒவ்வொருவர் கையிலும் வாய் திறந்த பை. மேசைக்குப் பின்னால் காவலர் பரமேஸ்வரன், அன்றாடம் அந்தப் பைகளுக்குள் கைவிட்டுவிட்டு, அன்றாடம் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் திருப்பிக் கொடுக்கும் மனிதர். செய்தி அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

மலர்விழி வரிசையின் முன்னால் வந்து தன் பையை மேசைமேல் வைத்தார். ஜிப் மூடியிருந்தது.

"அண்ணே, இன்னைக்கு நான் தொறக்க மாட்டேன். மொதல்ல அவரு. அப்புறம் சேர்மன் சாரு. அதுக்கப்புறம் நான் தொறக்கிறேன். இல்லாட்டி யாரும் தொறக்கல."

பரமேஸ்வரன் அந்த மூடிய பையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, யுகேந்திரனின் தோளில் தொங்கிய மடிக்கணினிப் பைக்கு நேராக அந்தக் கையை நீட்டினார்.

"சார். பையைத் தொறங்க."

யுகேந்திரன் அசையவில்லை. பரமேஸ்வரனின் கையும் அசையவில்லை. ரவிசங்கர் தன் கைப்பெட்டியை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

வரிசையின் கடைசியில் ஒரு ஜிப் மூடிக்கொள்ளும் ஓசை கேட்டது. அதற்கு முன்னால் நின்றவர் தன் பையை மூடினார். பிறகு அவருக்கு முன்னால் நின்றவர். ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றாக, அந்த வரிசையில் திறந்திருந்த பைகளெல்லாம் மூடிக்கொண்டன.